சித்தி மண் அரித்த கோடை

சித்தி நோர்வேக்கு வந்தது கலியாணம் செய்துகொள்வதற்காக. இது எங்கள் வீட்டில் எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. சித்தி ஒருவருக்குத்தான் தெரியாது. அக்காவோடு கோடை முழுக்க இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்று நினைத்து அவர் வந்திருந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊரில் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம். ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ரொம்மனில் எங்கள் கட்டடத்திலிருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி அந்த வருடம் ஊருக்குப் போய், கறுத்து, மெலிந்து, பனங்கட்டியும் மிளகாய்த்தூளுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் மட்டும் அது எதிர்ப்பக்கமாக நடந்தது. அப்பா அலைந்து திரிந்து விசா எடுத்துச் சித்தியை இங்கே கூப்பிட்டார். மூன்று மாத விசா. அதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர். எதையும் சொன்ன நேரத்துக்கு இறக்கி வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த வேலையால் வந்திருக்க வேண்டும்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. சித்தப்பாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மீசை, கோடு போட்ட சேட், பக்கத்தில் ஒரு சைக்கிள். அவர் எங்கே என்று கேட்டால் அம்மா, "அவர் இல்லை" என்பார். வீட்டில் இல்லை என்பதற்கும் உயிரோடு இல்லை என்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் கேட்கவில்லை.

சித்தியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அவருடைய நெற்றியைத்தான் பார்த்தார்கள். அங்கே ஒரு சிவப்புக் குங்குமப் பொட்டு இருந்தது. அதைக் கண்டதும் என்ன கதைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, "பிளைட்டிலை சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டார்கள். ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேருக்கு இப்படி அந்த விமானச் சாப்பாட்டைப் பற்றித் தெரிந்திருந்தது.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். கோடை விடுமுறையில் என்னைப் பகலில் யார் பார்ப்பது என்ற வழக்கமான பிரச்சினை அந்த வருடம் சித்தியால் தீர்ந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அம்மா சித்தியிடம் சொன்னார். சித்திக்கு மொழி தெரியாது, கவனமாகப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னார். நாங்கள் இருவரும், மற்றவருக்குத் தானே பொறுப்பு என்று ஆளுக்காள் நினைத்துக்கொண்டு வெளியே கிளம்பினோம். அப்பா இருவருக்கும் மாதப் பயணக் காட் வாங்கித் தந்திருந்தார். அந்தக் காட் ரி-பான என்ற சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மட்டுமல்ல, எதிரே உள்ள தீவுகளுக்குப் போகும் படகுக்கும் செல்லும். அதனால்தான் நாங்கள் தீவுக்குப் போனோம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

துறைமுகத்தில் படகு ஏறினால் கரையிலுள்ள கோட்டை மதில் கண்ணைவிட்டு மறையுமுன்பே தீவு வந்துவிடும். அதற்கு நோர்வேஜியப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது மடத்துத் தீவு. நடுவில் ஒரு இடிந்த மடம் இருக்கிறது. எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் கட்டியது என்று பள்ளியில் படித்திருந்தேன். அதைச் சித்திக்குச் சொன்னபோது அவர், "மடம் எண்டால்? அன்னதானம் குடுக்கிற மடமோ?" என்றார். எனக்கு அன்னதானம் என்ற சொல் விளங்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கரையெங்கும் நோர்வேஜியர்கள் வெயிலுக்கு உடம்பைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்தத் தீவிலேயே வெயிலுக்குக் குடை பிடித்தவர் என் சித்தி ஒருவர்தான். நான் தண்ணீரில் விளையாடிக் களைத்தபிறகு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பிறகு நிழல் தேடி மடத்துப் பக்கம் நடந்தோம்.

அங்கேதான் அவர்களைக் கண்டோம். மடத்தின் ஒரு பக்கத்தில் புல்லை உரித்து எடுத்து, நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கொஞ்சப்பேர் முழங்காலில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டினார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மேசன்மார் சாந்து பூசும் கரண்டி போன்ற ஒன்றால் மண்ணைச் சுரண்டினார்கள். சுரண்டிய மண்ணைத் தூரிகையால் கூட்டி, சிறு வாளியில் அள்ளினார்கள். ஒரு பள்ளத்தில் வைக்கோல் தொப்பி போட்ட பெண் ஒருத்தி குனிந்திருந்தாள். அவளுக்கு முன்னால், மண்ணில் பாதி புதைந்தபடி, ஒரு மனிதனின் எலும்புக்கூடு மல்லாந்து கிடந்தது.

நான் பயந்துபோய்ச் சித்தியின் கையைப் பிடித்தேன். பயத்தைவிடச் சந்தோஷப் புளுகம்தான் அதிகம். பள்ளியில் போய்ச் சொல்லலாமே. சித்தி பயப்படவில்லை. என் கையை விடுவித்துவிட்டுக் குனிந்து செருப்பைக் கழற்றினார். நூல் கட்டியிருந்த இடத்துக்கு இந்தப் பக்கமாக வெறும் காலோடு நின்றார்.

தொப்பிக்காரி நிமிர்ந்து பார்த்து, கல் குத்தும், செருப்பைப் போடச் சொல்லு என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சித்தி, செருப்பைப் போடட்டாம்" என்றேன். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை.

"கேள் பிள்ளை, ஆர் இது எண்டு."

கேட்டேன். தொப்பிக்காரியின் பெயர் இங்ரிட். அவள்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி என்பது பிறகு தெரிந்தது. கேள்வி கேட்க ஆள் வந்த சந்தோஷத்தில் பள்ளத்தைவிட்டு மேலே ஏறி வந்தாள். அது ஒரு துறவி என்றாள். பெயர் தெரியாது. நாற்பதைத் தாண்டிய ஆண். பெட்டி இல்லாமல், துணியில் சுற்றி நேரே மண்ணில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துறவிகளின் வழக்கம் அதுதான்.

"ஆம்பிளை எண்டு என்னெண்டு தெரியும்? வயது என்னெண்டு தெரியும்?"

இங்ரிட் இடுப்பெலும்பையும் பல்லையும் காட்டிச் சொன்னாள். இடுப்பெலும்புக்கு எனக்குத் தமிழ் தெரியாது. "குந்துற எலும்பு" என்றேன். சித்தி சிரிக்கவில்லை, தலையாட்டினார்.

அன்றைக்குச் சித்தி கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. ஊரிலிருந்து வந்த நாள் முதலாக அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. உடுப்பு மிஞ்சுமோ. மோதிரம், பட்டன் மிஞ்சுமோ. சின்ன வயதில் கை முறிந்து பொருந்தியிருந்தால் அது எலும்பில் தெரியுமோ. தெரியும் என்றாள் இங்ரிட். பள்ளத்துக்குள் இறங்கி, துறவியின் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கை எலும்பில் சின்ன முடிச்சுப்போல இருந்த இடத்தைத் தூரிகை நுனியால் தொட்டுக் காட்டினாள். இவரும் எப்போதோ விழுந்திருக்கிறார், யாரோ நன்றாகப் பார்த்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

"கனபேரை ஒரே கிடங்கிலை போட்டு மூடியிருந்தால், ஆர் ஆர் எண்டு பிரிக்க ஏலுமோ?"

இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிறையப் பேர் ஒரே கட்டிலில் படுத்திருந்தால் என்று கேட்டேன். இங்ரிட் ஒரு கணம் யோசித்தாள். கஷ்டம், ஆனால் முடியும், ஒவ்வொரு எலும்பும் தன்னுடைய மற்ற எலும்போடு மட்டும்தான் சரியாகப் பொருந்தும் என்றாள். பிறகு, இங்கே அப்படியெல்லாம் இல்லை, துறவிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் இருந்தது என்று சித்தியைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னாள்.

"எவ்வளவு காலத்துக்கு எலும்பு இருக்கும்?"

அது மண்ணைப் பொறுத்தது. சில மண்ணில் நூறு வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. இந்தத் தீவு சுண்ணாம்புக்கல் தீவு. சுண்ணாம்பு எலும்பைக் காப்பாற்றும்.

நான் சுண்ணாம்பு என்ற சொல்லைத் தேடித் தவித்தேன். வெற்றிலைக்குப் பூசுகிற வெள்ளை என்று சொல்லித்தான் விளங்கவைத்தேன். சித்தியின் முகம் சட்டென்று மாறியது.

"எங்கடை ஊரும் சுண்ணாம்புக்கல்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். அப்படியானால் அங்கேயும் நன்றாக இருக்கும் என்றாள் இங்ரிட். சித்தி சிரித்தார். நோர்வேக்கு வந்தபிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

திரும்பும்போது படகில், இப்போது கேட்டதையெல்லாம் மறுபடி சொல்லச் சொன்னார். எனக்கு அலுப்பாக இருந்தது. சித்திக்கு அகழ்வாராய்ச்சியில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். பெரியவர்களுக்குத் திடீரென்று ஒன்றில் ஆசை வருவது எனக்குப் புதிதில்லை. அப்பா ஒரு வருடம் முழுவதும் காளான் பொறுக்க அலைந்திருக்கிறார்.

விரும்பியவர்கள் வந்து மண் அரித்து உதவலாம் என்று அங்கே ஒரு பலகையில் எழுதியிருந்தது. அடுத்த நாளே சித்தி போய் உட்கார்ந்துவிட்டார். வாளியில் வரும் மண்ணைச் சட்டத்தில் அடித்த கம்பிவலையில் கொட்டி ஆட்ட வேண்டும். அரிசிமா அரிக்கிற கைக்கு அது பெரிய வேலையில்லை. வலையில் தங்குவதைச் சித்தி ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டுவார், நான் ஓடிப்போய் இங்ரிட்டிடம் காட்டுவேன். துருப்பிடித்த ஆணி, ஓட்டுத்துண்டு, மீன் முள். மீன் முள் மட்டும் அள்ளக் குறையாமல் வந்தது. அந்தத் துறவிகள் ஆடு மாடு தின்ன மாட்டார்கள், மீன்தான் என்றாள் இங்ரிட்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்குத் துறவிகள்மேல் மரியாதை வந்தது.

"அப்ப சைவம் மாதிரித்தான்."

"இல்லையம்மா, மீன் சாப்பிட்டவை. வெள்ளிக்கிழமைதான் கட்டாயமா மீனாம்."

"வெள்ளிக்கிழமையோ?" என்று அம்மா திகைத்தார். அதற்குப் பிறகு அவர் துறவிகளைப் பற்றி விசாரிக்கவில்லை.

முறிந்து பொருந்திய எலும்பைப் பற்றியும் அன்றைக்கே சொன்னேன். சித்தி அதைக் கேட்டவர் என்றும் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சித்தியைப் பார்த்தார். சித்தி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

"இடக்கைதானே?" என்றார் அம்மா, மெல்ல.

"ஓம்" என்றார் சித்தி.

எந்தக் கை என்று நான் சொல்லவேயில்லையே, அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பிறகு தொலைக்காட்சியில் ஏதோ தொடங்கிவிட்டது.

ஆடி பாதி போனபிறகு அப்பா காரியத்தைத் தொடங்கினார். மாப்பிள்ளை ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டா என்ற இடத்தில் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். திருகோணமலைப் பக்கம். பல வருடம் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில், மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, ஒஸ்லோவுக்கு வந்து டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் தேநீர் குடிக்க வருவதாக, வருவதற்கு முதல் நாள்தான் அம்மா சித்தியிடம் சொன்னார். சித்தி ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததை அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் வந்தார். காலில் பளபளவென்று சப்பாத்து, கையில் ஒரு பெட்டி சொக்கிளேற். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அப்பாதான் எல்லாவற்றையும் கதைத்தார். சித்தி தேநீரை வைத்துவிட்டுக் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். நோர்வேயில் எப்படிப் பொழுது போகிறது என்று மாப்பிள்ளை சித்தியிடம் கேட்டார்.

"மண் அரிக்கிறன்" என்றார் சித்தி.

அப்பா இருமினார். அம்மா வடைத் தட்டைத் தூக்கி நீட்டினார். வந்தவர் மட்டும் சங்கடப்படாமல், "எங்கை?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு தீவையும் துறவியையும் மீன் முள்ளையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். வந்து பார்க்கலாமா என்றார். ஓம், வாங்கோ என்று சித்தி சொன்னது அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். காரியம் கனிந்துவிட்டது என்று அன்றிரவு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மாப்பிள்ளை தீவுக்கு வந்தார். அதே சப்பாத்தோடு. அரித்து முடித்த மண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்ட ஆள் போதாமல் இருந்தது. கேட்காமலே சேட் கையை மடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார். மத்தியானம் மூவரும் மடத்துச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அது உருகுமுன் தின்பதில் என் முழுக் கவனமும் இருந்தது. அவர்கள் கதைத்ததில் பாதிதான் காதில் விழுந்தது.

"வேலைக்கெண்டு சைக்கிளிலை போனவர்" என்றார் சித்தி. "சோதனைச் சாவடியிலை மறிச்சதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். அதுக்குப் பிறகு காணேல்லை. செத்திட்டார் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை."

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினார்.

"போய்த் தேடப்போறியளோ?"

"வேறை ஆர் தேடுவினம்?" என்றார் சித்தி. பிறகு, "நான் மாட்டன் எண்டால் அத்தான் மனம் நோவார். எனக்கெண்டு எவ்வளவு அலைஞ்சவர். நீங்கள் சொன்னால் நல்லம்" என்றார்.

"நான் சொல்லுறன்" என்றார் அவர். "நீங்கள் யோசியாதேங்கோ."

விசாவைப் பற்றி ஏதோ கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தால் அது விசாவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் அவர் அப்பாவுக்குப் போன் எடுத்தார். தனக்கு ஊரிலிருந்து புதிதாக வருகிற பெண் சரிவராது, இங்கே வளர்ந்த பெண்ணாகப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அப்பா போனை வைத்துவிட்டு வீடு முழுக்க நடந்தார்.

"ஹம்மர்பெஸ்ட்டிலை மீன் வெட்டினவருக்கு இஞ்சை வளர்ந்த பொம்பிளை கேக்குதாம்! உம்மடை தங்கச்சிக்கு என்ன குறை, சொல்லும்!"

அம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி குனிந்து துவாய் மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ட்வெய்ட்டா மாமாமேல் கடும் கோபம் வந்தது. என் சித்தியை வேண்டாம் என்று சொல்ல அவர் யார்? மிஞ்சியிருந்த சொக்கிளேற்றைத் தின்பதில்லை என்று முடிவெடுத்தேன். அது இரண்டு நாள் நீடித்தது. அப்பாவின் கோபம் பல வருடம் நீடித்தது. கொண்டாட்டங்களில் அந்த மனிதரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரும் அதை ஒரு கடமைபோலத் தாங்கிக்கொண்டு, தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

துறவியை வெளியே எடுக்கிற நாள் வந்தது. எல்லோரும் அந்தப் பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். வரைந்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி வரைந்தார்கள். எடுக்கத் தொடங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை எடுக்க எல்லோரும் கொட்டகைப் பக்கம் ஓடினார்கள். சித்தி ஓடவில்லை. பள்ளத்தின் விளிம்பில் முழங்காலிட்டு, தன் குடையை விரித்து, கையை எட்டுமட்டும் நீட்டி, துறவியின் தலைக்கு மேலே பிடித்தார். தான் தொப்பலாக நனைந்தார். தார்ப்பாய் வந்தபிறகும் அந்தக் கை கீழே இறங்கவில்லை. இங்ரிட் வந்து தோளைத் தொட்டபோதுதான் குடையை மடக்கினார். நான் கொஞ்சம் தள்ளி, எங்களுக்குள் சம்பந்தமில்லாததுபோல நின்றேன்.

மழை விட்டபிறகு எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். விரல் எலும்புகளைக்கூட விடவில்லை. ஒரு சின்ன எலும்பைக் காணாமல், அந்த இடத்து மண்ணையெல்லாம் சித்தியின் வலைக்கு அனுப்பினார்கள். சித்தி அதைக் கண்டெடுத்துக் கொடுத்தார்.

"இனி என்ன செய்வினம் எண்டு கேள்."

ஆராய்வார்கள். என்ன சாப்பிட்டார், எந்த ஊரில் வளர்ந்தார், என்ன நோய் வந்தது எல்லாம் பார்ப்பார்கள்.

"பார்த்துப்போட்டு ஆருக்குச் சொல்லுவினம்? அவரின்ரை ஆக்களுக்குச் சொல்லுவினமோ?"

நான் கேட்டதும் இங்ரிட் அன்பாகச் சிரித்தாள். இவருக்கு ஆட்கள் என்று யாரும் இல்லை என்றாள். துறவி, மனைவி பிள்ளை கிடையாது. இருந்திருந்தாலும் இத்தனை நூறு வருடத்துக்குப் பிறகு யாரைத் தேடுவது?

"அவருக்கு ஒருத்தரும் இல்லையாம் சித்தி."

சித்தி பெட்டியைப் பார்த்தார். சுற்றி நின்ற தொப்பிகளையும், சேறு பிடித்த முழங்கால்களையும், தாள் சுற்றுகிற கைகளையும் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லாத மனிசனை இத்தினை பேர் இருந்து தேடுகினம்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று இங்ரிட் கேட்டாள். நீங்கள் நிறையப் பேர் வேலை செய்கிறீர்கள் என்று சொல்கிறார் என்றேன். ஐயோ, இதுவே போதாது என்றாள் இங்ரிட். போகும்போது சித்தியைக் கட்டிப்பிடித்து விடைபெற்றாள்.

பள்ளி தொடங்கிய கிழமையில் சித்தி ஊருக்குப் போனார். விசா முடிய இன்னும் நாள் இருந்தது, அப்பா வேறு இடமும் பார்க்கத் தயாராக இருந்தார். சித்திதான் நிற்கவில்லை. விமான நிலையத்தில் அம்மாவும் அவரும் கையைப் பிடித்தபடி நின்றார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் பனி பார்த்திருக்கலாமே என்று எனக்குச் சித்திமேல் வருத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். சித்தி எதையும் தோண்டவில்லை. எந்த இடத்தைத் தோண்டுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். சைக்கிளை மறித்ததைக் கண்டவர்களைத் தேடிப் பிடித்துக் கதைத்தார். இடையில் மறுபடி சண்டை வந்தது, ஓய்ந்தது. இன்றைக்கும் எங்காவது ஒரு காணியில் அத்திவாரம் வெட்டும்போது எலும்பு வந்தது என்று கேள்விப்பட்டால், பஸ் ஏறிப் போய் வேலியோரத்தில் நிற்கிறார். தோண்டுகிறவர்களிடம் மண்வெட்டியைப் போடச் சொல்கிறார், தூரிகையால் கூட்டச் சொல்கிறார், மண்ணை அரிக்கச் சொல்கிறார். சிலர் கேட்கிறார்கள். சிலர் விரட்டுகிறார்கள். நெற்றியில் பொட்டு இருக்கிறது.

ஆனால் அந்த ஆவணியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் ஸ்பெயினுக்குப் போயிருந்தான். ஒருத்தி ஒரு குதிரையைப் பற்றிச் சொன்னாள். நான் எழுந்து, என் சித்தி ஒரு தொல்லியலாளர் என்று சொன்னேன். இங்கே வந்து மடத்துத் தீவில் பழகிவிட்டு, இப்போது சொந்த நாட்டில் தோண்டப் போயிருக்கிறார் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்பெயின் போனவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

எங்கள் ஆசிரியருக்கு வரலாற்றில் ஆர்வம் அதிகம். எந்தக் காலத்தைத் தோண்டுகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவருகிறேன் என்றேன்.

அம்மா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சித்தி தேடுறது எந்தக் காலத்து ஆளை?"

அம்மா ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி இருந்தார். அதை மற்றதோடு சேர்த்துக் கீழே வைத்துவிட்டு, "தொண்ணூற்றாறு" என்றார்.

அடுத்த நாள் அதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, நல்ல மனிதர். தொண்ணூற்றாறு என்றால் நீ பிறந்த பிறகல்லவா, அகழ்வாராய்ச்சிக்கு அந்தப் பழமை போதாது என்றார். அம்மா தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று சொல்லியிருப்பார், நீ முன்பாதியைத் தவறவிட்டிருப்பாய். எனக்கும் அதுதான் சரியாகப்பட்டது. நான் வரைந்திருந்த படத்தில், கிடங்கின் ஓரத்தில் குடையோடு சித்தி இருந்தார். அதன் கீழே ஆசிரியர் நீலப் பேனையால் 996 என்று அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

இலையுதிர் காலத்தில் பெற்றோர் சந்திப்புக்கு அம்மா வந்தார். சுவரில் இருந்த படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர் என் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். ஆசிரியர் வந்து, உங்கள் குடும்பத்தில் ஒரு ஆராய்ச்சியாளர் இருப்பது எங்களுக்கெல்லாம் பெருமை என்றார். அம்மா அந்த எண்ணைப் பார்த்தபடி நன்றி என்றார். அதைத் திருத்தவில்லை. ஆகவே ஆசிரியர் எழுதியதுதான் சரி என்று நான் உறுதியாக நம்பினேன்.

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை பிடித்து நடக்கிற வயதை நான் தாண்டிவிட்டிருந்தேன். வகுப்புப் பிள்ளைகள் கண்டால் சிரிப்பார்கள் என்று இழுத்துப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"றோட்டு வழுக்குது" என்றார்.

அன்றைக்கு ரொம்மனில் இன்னும் பனி விழத் தொடங்கவில்லை. றோட்டு நன்றாகக் காய்ந்திருந்தது.